ஏட்டில் இல்லாத சுரைக்காய்

1

கொடைக்கானல் போய்வந்த நண்பர் ஒருவர் தை மாதத்தில் நான்கு ஸ்ட்ராபெரி நாற்றுகளைத் தொட்டியோடு கொண்டுவந்து அருப்புக்கோட்டையில் என் வீட்டு முற்றத்தில் இறக்கினார். கூடவே ஒரு வார்த்தையையும் இறக்கிவைத்துவிட்டுப் போனார்: "இது கடைச்சரக்கு இல்ல, ஏர்லூம் வகை. ஒரு வீட்ல நாலு தலைமுறையா வச்சிருந்தது."

மாசி வரைக்கும் செடிகள் நின்றன. பட்டாணியை விடச் சற்றுப் பெரிதாக ஒரு பழம்கூட வந்தது. பங்குனியில் வெயில் ஏறியது. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களைக் கேட்டால் தெரியும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஸ்ட்ராபெரி உப்பைச் சற்றும் தாங்காத செடி. வேர் மேலாகவே ஓடும், குளிர்ச்சி கேட்கும். இலை ஓரங்கள் கருகின, நடுக்குருத்து அழுகியது. சித்திரை பிறக்குமுன் நான்கும் போய்ச் சேர்ந்தன.

எதிர்வீட்டு அப்பத்தா திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். "ஏய்யா, உப்புத்தண்ணிக்கும் வெயிலுக்கும் ஒத்துக்கிட்டதுதான நம்ம ஊர்ல நிக்கும்? ரெண்டு சொரவெதையப் பட்டத்துல ஊண்டியிருந்தா இந்நேரம் கூரையேறிக் காச்சு ஓஞ்சிருக்கும்ல" என்றார்.

செடி செத்துப்போனது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த வார்த்தைதான் விடவில்லை. ஏர் பிடித்தவர்களும் தறி நெய்தவர்களும் வாழ்கிற ஊரில் 'ஏர்லூம்' என்ற ஓசை வேறுவிதமாகக் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் முதற்பாதிக்கு வாரிசு என்று பொருள். பிற்பாதி பழைய ஆங்கிலத்தில் கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்ற பொருளில் இருந்தது. தறியைக் குறிக்கும் சொல்லாக ஆனதும் அதுவே. இங்கிலாந்தின் பழைய சொத்துச் சட்டத்தில் இதற்கு ஒரு திட்டமான இடம் உண்டு. வாரிசு வீட்டை அடையும்போது, வழக்கத்தின் பலத்திலேயே வீட்டோடு சேர்ந்து அவனுக்குப் போய்விடும் அசையும் பொருள் அது. இந்தச் சட்டச் சொல் தக்காளிக்கும் பீன்சுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் ஒட்டப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

ஆக, பழைய விதைகளைப் பற்றி நாம் இன்று பேசும் மொழியின் அடியில் ஒரு சித்திரம் இருக்கிறது: வீடு, குடும்பம், வாரிசு, சொத்து. தமிழில் 'பாரம்பரிய விதை' என்கிறோம். அதிலும் பரம்பரைதான் உட்கார்ந்திருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கொல்லைப்புறங்களில் விதை உண்மையில் எப்படிப் பிழைத்துவந்தது என்று பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்குமா? நிற்காது என்பதே இங்கு நான் சொல்ல வருவது. கொல்லை விதையின் வரலாறு வாரிசுகளின் வரலாறு இல்லை. அது கைமாற்றின் வரலாறு. யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற கேள்வியை எழுப்பியதும் அந்த வரலாறு நமக்கு வசதியாக இல்லாமல் போகிறது.

2

முதலில் ஸ்ட்ராபெரியின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தோட்டங்களின் குலச்சொத்தாகக் காட்டப்படும் பெரிய பழம் ஐரோப்பாவில் பிறந்ததல்ல. அமேதே ஃப்ரான்சுவா ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1712இல் வணிகன் என்ற வேடத்தில் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சிலியிலும் பெருவிலும் இருந்த ஸ்பானியக் கோட்டைகளையும் துறைமுகங்களையும் வேவுபார்த்து வரைபடம் எழுதுவது அவருக்கிட்ட வேலை. கான்செப்சியோன் பகுதியில் கோழிமுட்டை போலப் பருத்த ஸ்ட்ராபெரிகளைப் பார்த்தார். மபூச்சே பழங்குடியினர் நெடுங்காலமாகத் தெரிந்தெடுத்துப் பயிரிட்டுப் பெருக்கிய செடி அது. 1714இல் திரும்பியபோது ஐந்து செடிகள் உயிரோடு பிரான்சு வந்து சேர்ந்தன. மாதக்கணக்கான பயணத்தில் குடிதண்ணீரை அளந்து கொடுத்த கப்பல் அது. செடிக்குத் தண்ணீர் விட அனுமதித்தவருக்கு அதில் இரண்டு செடிகளை ஃப்ரேசியே கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர்தான் முதல் விலை. இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் அந்தச் செடிகள் தழைத்தன, ஆனால் சரியாகக் காய்க்கவில்லை. கொண்டுவந்தவை பெண்செடிகள். பல ஆண்டுகள் கழித்து, பிரித்தானிப் பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்தில் நட்டபோதுதான் பழம் பிடித்தது. இரண்டும் கலந்து பிறந்த பிள்ளைதான் இன்று உலகமெங்கும் விற்கும் ஸ்ட்ராபெரி. இந்தப் பிறப்பு ரகசியத்தை அந்துவான் நிக்கோலா துஷேன் 1766இல் எழுதிய நூலில் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 19. வேவுபார்த்தவரின் பெயரும் வகைப்படுத்தியவரின் பெயரும் வரலாற்றில் தங்கிவிட்டன. பழத்தை அந்தப் பருமனுக்குக் கொண்டுவந்த கைகளின் பெயர்தான் காணவில்லை. கதையாடல் கப்பலில் தொடங்குகிறது. கப்பலுக்கு முந்தியது 'இயற்கை' என்ற கணக்கில் போய்விடுகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தக் கலப்பு ஸ்ட்ராபெரியை விதையிலிருந்து வளர்த்தால் தாயைப் போல வராது. ஓடுகொடியில் விடும் கன்றைப் பிரித்து நட்டால்தான் அதே செடி கிடைக்கும். ஆண்டுதோறும் யாராவது கன்று பிரித்து நட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒரு பழைய வகை உயிரோடு இருக்கும். இரண்டு ஆண்டு மறந்தால் வகை போய்விடும். அதாவது அதை வைத்திருப்பதே ஓர் உழைப்பு. இந்தியாவில் ஸ்ட்ராபெரி என்றதும் நினைவுக்கு வரும் மகாபலேசுவரம் 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பள்ளத்தாக்கில் நடப்படுபவற்றில் பெரும்பாலானவை கலிபோர்னியா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களில் உருவான இரகங்கள். அவற்றின் தாய்ச்செடிகள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படுகின்றன. மண்ணின் பெயர் இங்கே இருக்கிறது, தாய் அங்கே இருக்கிறாள்.

இதை வைத்துக்கொண்டு நம் பக்கத்துக் கொல்லைக்கு வருவோம். இங்கே கேள்வி ஸ்ட்ராபெரி வளருமா என்பதல்ல. இங்கே கன்று பிரித்தது யார் என்பது.

3

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. கும்பெனி சர்க்கார் 1803இல் சேதுபதி சீமையை நிரந்தர ஜமீனாக மாற்றியது. 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரி வந்தது. 1985இல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது இந்தப் பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது. குண்டாறு ஓடும் ஊர்கள். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீரும். மீதி மாதங்களைக் கண்மாயும் ஊருணியும் கிணறும் தாங்கியாக வேண்டும்.

இத்தனை நிர்வாக மாற்றங்களும் ஏராளமான காகிதத்தை விட்டுச்சென்றிருக்கின்றன. அந்தக் காகிதத்தில் எது பயிர்? தீர்வை கட்டுவது பயிர். ஏற்றுமதி ஆவது பயிர். பருத்தியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். திருநெல்வேலிப் பருத்தி என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர்பெற்ற கருங்கண்ணிக்காகக் கோவில்பட்டியில் 1901இல் ஆராய்ச்சிப் பண்ணையே வந்தது. அங்கே தெரிந்தெடுத்த இரகங்களுக்கு 'கே' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சூட்டினார்கள். கரிசல்காட்டுச் சம்சாரி தலைமுறைகளாகப் பொறுக்கிவைத்த விதை பண்ணைக்குள் போய் எண்ணோடு வெளியே வந்தது. கம்போடியாப் பருத்தி வந்ததும், கலப்பினப் பருத்தி வந்ததும், 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்ததும் எல்லாம் தேதியோடு இருக்கின்றன.

கொல்லையைத் தேடிப் பாருங்கள். கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று அதில் எழுதுவார்கள். வீடுகள் இருக்கும் இடம் நத்தம். நத்தத்துக்கு வெகுகாலம் நிலத்தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத இடத்தில் என்ன விளைகிறது என்று எழுதக் கர்ணத்துக்கு அவசியம் இல்லை. 1980இல் கர்ணம் முறையை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும் அந்தப் பத்திகள் மாறவில்லை. கூரைமேல் படர்ந்த சுரை, படலில் ஏறிய அவரை, பாத்திரம் கழுவின தண்ணீரில் நின்ற கத்தரி, அடுப்படிக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி, இவற்றுக்கு ஏட்டில் பத்தி இல்லை.

இந்த இல்லாமையைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆவணக் காப்பகம் என்பது அடிப்படையில் வரிக் காப்பகம். அது வசூலிக்க முடிவதைப் பார்க்கிறது, வசூலிக்க முடியாததைப் பார்ப்பதில்லை. அடித்தள மக்கள் ஆய்வாளர்கள் 1980களிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அதிகாரத்தின் ஏட்டை அதன் போக்குக்கு எதிராக வாசிக்க வேண்டும் என்பது. கிளர்ச்சி செய்தவனை அப்படி வாசித்து எடுத்துவிட முடிந்தது. போலீஸ் அறிக்கையில் அவன் குற்றவாளியாகவாவது இருந்தான். சுரைவிதையை ஊன்றியவள் குற்றவாளியாகக்கூட இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறிக்கு உதவின சுரைக்காய் எந்த ஏட்டிலும் இல்லை என்பது பழமொழி சொல்லாமல் விட்ட மறுபாதி.

ஏட்டில் இல்லாததால் கொல்லைக்கு ஒரு லாபமும் கிடைத்தது. யாரும் வந்து 'இதைப் போடாதே, அதைப் போடு' என்று சொல்லவில்லை. காட்டில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் சந்தையையும் இலாகாவையும் பார்த்து மாறிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் பழைய வகைகள் அவை பாட்டுக்கு நின்றன. பெண்கள் கையில் விட்டிருந்தது முக்கியமில்லாத இடம் என்பதால்தான் அங்கே இது நடந்தது. இந்த முரணை நாம் கொண்டாடவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

4

என் அம்மா திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் வைத்திருந்த கொல்லையை நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு செண்டுகூட இருக்காது.

சுரைக்காயில் முதல் பிஞ்சை விதைக்கு விடமாட்டார். கடைசியாகக் காய்ப்பதையும் விடமாட்டார். கொடி நல்ல தெம்பில் இருக்கும்போது பிடித்த நடுக்காய் ஒன்றில் துணியைக் கட்டிவிடுவார். அது பறிக்கக் கூடாத காய் என்று வீட்டுக்கு அறிவிப்பு. கொடி காய்ந்து, காயும் ஓடு பிடித்து, தட்டினால் மரம்போலச் சத்தம் கேட்ட பிறகுதான் இறக்குவார். அதைக் குடைந்து, அதற்குள்ளேயே விதையைச் சாம்பலில் புரட்டிப் போட்டு, வாயைத் துணியால் அடைத்து, அடுப்படியில் புகைபடுகிற இடத்தில் தொங்கவிடுவார். விதைக்குப் பாண்டமும் அந்தச் செடிதான். பீர்க்கு நெற்றாகக் கொடியிலேயே காய்ந்து அப்படியே உத்திரத்தில் தொங்கும். வெள்ளரி விதையையும் பூசணி விதையையும் சாணியில் பிசைந்து சுவரில் வட்டமாகத் தட்டிவிடுவார். மழை விழுந்ததும் அதைப் பெயர்த்துக் குழியில் வைத்தால் எருவோடு சேர்ந்து முளைக்கும்.

இதை வெறும் பாட்டி வைத்தியமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. சுரையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. வெள்ளைப் பூ, பொழுதிறங்கி மலர்வது. அந்துப்பூச்சியும் வண்டும் தேனீயும் மகரந்தத்தை வீடுவீடாகக் கொண்டுபோகும். அதனால் ஒரு வீட்டுச் சுரை எப்போதும் அந்த வீட்டுச் சுரை மட்டுமல்ல, நாலு வீட்டுச் சுரை. புதர்க்காட்டில் கிடக்கும் பேய்ச்சுரையோடு கலந்தால் அடுத்த தலைமுறைக் காய் கசக்கும், சில நேரம் விஷமாகவும் ஆகும். அம்மா ஒவ்வொரு காயிலும் ஒரு துணுக்கை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவார். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் கொடியையே பிடுங்கிப் போடுவார். ஆராய்ச்சிப் பண்ணையில் இதற்குத் தேர்வுமுறை என்று பெயர். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் இல்லை.

விதை எந்தப் பாதையில் போனது? சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது, அசையாமல் இருந்தது. விதை அம்மாவிடமிருந்து மகளுக்கு, பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு, முந்தானையில் முடிந்து போனது. கல்யாணம் எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்த எல்லைக்குள்தான் இந்தப் பாதையும் ஓடியது. ஆகவே விதைப் பாதை சாதிப் பாதையாகவும் இருந்தது. பெண்வழி என்று சொல்லிவிட்டதாலேயே அது விடுதலை வழி ஆகிவிடாது. முளைப்பாரிக்கு வீடுவீடாகத் தானியம் வாங்கும்போதும் எந்தத் தெருவோடு நின்றது என்று கேட்டால் ஊரின் வரைபடம் தெரிந்துவிடும்.

இன்னொரு பாதையும் இருந்தது. அதை நான் வெகுநாள் அறியவில்லை.

5

அம்மா 2008இல் இறந்தார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது நான்தான் அடுப்படியை ஒழித்தேன். கரிபிடித்த சுரைக்குடுக்கை ஒன்று தொங்கியது. எடுத்தபோது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. கேட்டும் அதைக் குப்பைக்குழியில் போட்டேன். அன்று மாலை மற்ற சாமான்களோடு அதுவும் எரிந்தது.

2010இல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினோம். பதினொரு பக்கம். புஞ்சை இத்தனை ஏக்கர் இத்தனை செண்டு, பங்குக் கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், தேக்கு நிலைக்கதவு, பித்தளை அண்டா இரண்டு, கொல்லையில் நிற்கும் வேம்பு ஒன்று. அண்ணன் தம்பிகளுக்குள் அண்டாவைப் பற்றி ஒரு சச்சரவுகூட வந்தது. வேம்பைக் கண்ட பத்திர எழுத்தர் சுரையைக் காணவில்லை; அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வாரிசு என்ற முறையில் எனக்கு என்ன தரப்பட்டது என்று அந்தப் பத்திரம் துல்லியமாகச் சொல்கிறது. நான் எரித்தது எது என்று அது சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அந்தச் சுரையைத் தேட ஆரம்பித்தேன். குட்டைக் கழுத்து, பெருத்த அடி, பச்சைமேல் வெள்ளைப்புள்ளி தெளித்த காய். கமுதிப் பக்கமிருந்த அம்மாவின் பிறந்த வீட்டுச் சுரை என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. 'அம்மாச்சி சொர' என்றே சொல்வோம். மாமா வீட்டில் போய்க் கேட்டேன். அத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்கள்ட்ட எப்பவுமே நீட்டச் சொரதான, இது நாங்க பாத்ததில்லையே" என்றார். அம்மாச்சி பெயரை யார் ஒட்டினார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் காட்டில் களையெடுக்கவும் பருத்தியெடுக்கவும் வந்துகொண்டிருந்த ஒருவர் ஊருக்கு மேற்கே காலனியில் இருக்கிறார். ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், சீமைக்கருவேல் முள்ளடைத்த அவர் வீட்டு வேலியில் அதே காயைக் கண்டேன். குட்டைக் கழுத்து, வெள்ளைப் புள்ளி. சின்ன வயதில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவரைவிட மூத்தவர்களையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம், யாரும் எங்களைத் திருத்தவில்லை. அன்று 'பெரியம்மா' என்றேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இது எங்க வீட்டுச் சொரல்ல, பெரியம்மா? அம்மா குடுத்ததா?"

அவர் சிரித்தார். "அதெப்படி உங்க வீட்டுச் சொரயாகும் தம்பி? எங்காத்தா வச்சிருந்த வெதை இது. தண்ணியில்லாம கெடந்த ஒரு வருசம் உங்க கொல்லையில அம்புட்டும் பட்டுப்போச்சு. எங்க கூரையில மட்டும் ரெண்டு கொடி நின்னுச்சு. உங்கம்மா பொழுதடைஞ்சு ஆள்விட்டு வெதை கேட்டாக. பகல்ல வாங்கினா உங்க அய்யாவுக்குத் தெரிஞ்சிரும்ல."

"அதுக்கு என்ன குடுத்தாங்க?"

"என்னத்தக் குடுக்க. ஒரு படி கம்பு குடுத்தாக. அடுத்த வருசம் எனக்குப் பட்டுப்போகவும் அவுக வெதை குடுத்தாக, அதுவும் ராத்திரிதான். இப்படியே கெடந்துச்சு, இங்கிட்டும் அங்கிட்டுமா."

இப்படித்தான் எனக்கு அந்த இரண்டாம் பாதை தெரியவந்தது. கல்யாண எல்லையைத் தாண்டின பாதை. அது நட்பு, சமத்துவம் என்றெல்லாம் நான் எழுதிவிட முடியாது. கூலி கொடுக்கிறவளுக்கும் வாங்குகிறவளுக்கும் இடையில், இருட்டில், ஒருவருக்கு மற்றவர் விதைச் சேமிப்பாக இருந்த ஏற்பாடு அது. இரண்டு பெண்களுக்கும் அது தேவையாக இருந்தது. ஒருத்தி வீட்டில் மட்டும் அதைப் பேச முடியாமல் இருந்தது. பகலில் 'அம்மாச்சி சொர' என்று ஒரு வம்சாவளி சொல்லவேண்டி இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாரம்பரியம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது ஒரு கைமாற்றை மறைக்கக் கட்டிய கதை.

ஃப்ரேசியேயின் கப்பலையும் இந்த இருட்டுப் பண்டமாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எழுதப்பட்ட விதம் ஒன்றுதான். கொடுத்தவர்களின் பெயர் போய்விட்டது, வாங்கியவர்களின் வீட்டுப் பெயர் நின்றுவிட்டது.

அவர் எனக்கு எண்ணி ஏழு விதை கொடுத்தார். "காச்சுச்சுன்னா ரெண்டு காய முத்தவிட்டு ஒண்ணு எனக்குக் கொண்டாந்துரணும். போன வருசம் எனக்கே ஒரு கொடிதான் நின்னுச்சு" என்றார். பத்திரம் எழுதாத உடன்படிக்கை. மீறினால் கேட்க ஒரு கோர்ட்டும் இல்லை.

6

இன்று நாட்டு விதைக்கு நல்ல காலம். கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர்ஊராக நடந்து பேசியதன் பலனாக இளைஞர்கள் பலர் விதை சேகரிக்கிறார்கள், விதைத் திருவிழா நடத்துகிறார்கள், மாடித்தோட்டம் போடுகிறார்கள். பல வகைகள் இவர்களால்தான் திரும்பிவந்தன. இதை மதிக்காமல் மேலே பேச முடியாது. ஆனாலும் 'நாட்டு' என்ற அடைமொழி வேலை செய்கிற விதத்தைப் பற்றி நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

'நாட்டு' என்றால் என்ன? இந்த மண்ணில் பிறந்தது என்றால் மிளகாய் அடிபட்டுப்போகும். ஸ்ட்ராபெரியின் இரண்டு பெற்றோர்களும் பிறந்த அதே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து, போர்த்துகீசியக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் வந்தது அது. இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. சம்பா வத்தல் இல்லாமல் விருதுநகர்ச் சந்தையை நினைக்க முடியாது. சுரையே ஆப்பிரிக்காவில் பிறந்தது. ஐரோப்பியர் கப்பல் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கும் வந்துவிட்டது, அமெரிக்காவுக்கும் போய்விட்டது. நாம் வெட்டித் தீராமல் திட்டுகிற சீமைக்கருவேலும் அமெரிக்கச் செடிதான். பெரியம்மாவின் சுரைக்கு அதுதான் வேலி. ஆகவே பிறப்பிடத்தை வைத்து நாட்டு, சீமை என்று பிரிப்பது நிற்காது. சுத்தத்தை வைத்துப் பிரிப்பதும் நிற்காது. பக்கத்து வீட்டுப் பூவின் தயவில்லாமல் எங்கள் சுரை காய்த்ததே இல்லை. பிறப்பு, சுத்தம் என்ற இரண்டு சொற்களையும் செடிகளுக்குப் பேசிப் பழகுகிற நாக்கு மனிதர்களுக்குப் பேச அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது.

மிளகாய் நம்முடையதானது, அதை நாம் விதையெடுத்துத் திரும்ப ஊன்ற முடிந்ததால். உப்புத்தண்ணீரில் எது நின்றதோ அதைப் பொறுக்கி, பொறுக்கினதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்ததால். என் முற்றத்து ஸ்ட்ராபெரி நாலு தலைமுறைப் பழமை கொண்டிருந்தும் இங்கே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வாய்ப்பே இல்லாமல் இருந்தது. நாட்டு விதை என்பது வந்த இடத்தின் பெயரல்ல. ஒரு சமூகம் விதையோடு வைத்துக்கொண்ட உறவின் பெயர்.

சட்டத்திலும் இதற்கு ஒரு கால் ஊன்ற இடம் இருக்கிறது. 2001இன் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39ஆவது பிரிவில், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், வணிகப்பெயர் போடாமல் விற்கவும் உரிமை உண்டு என்கிறது. நல்லது. ஆனால் அந்தச் சட்டமும் 'உழவர்' என்றுதான் பேசுகிறது. உழவர் என்றதும் நம் மனம் பட்டாவைத் தேடுகிறது. களையெடுக்க வந்த பெரியம்மாவிடம் பட்டா இல்லை. முள்வேலியில் ஒரு கொடி இருந்தது.

இங்கேதான் செயல்படும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொல்லை விதை நிற்கக் கொல்லை வேண்டாமா? காலனிகளில் கொடுக்கப்படும் மனை இரண்டு செண்டு, மூன்று செண்டு. வீட்டைக் கட்டினால் சுவரோடு சுவர். பாத்திரம் கழுவின தண்ணீர் வாய்க்காலில் போகும், செடிக்குப் போகாது. ஓட்டுக்கூரை, ஓலைக்கூரை போய்க் கான்கிரீட் வந்தது நியாயமானது. யாரும் கூரையில் சுரை படரட்டும் என்பதற்காகக் குடிசையில் கிடக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் கொடிக்கு இடம் எங்கே? விதைத் திருவிழா மேடைகளில் மனைப்பட்டாவைப் பற்றியும் தெருக்குழாயைப் பற்றியும் ஒரு தீர்மானமாவது போடக் கூடாதா? விதையைக் காப்பாற்றியவர்களின் பெயரைப் பலகையில் எழுதும்போது, ஊருக்கு மேற்கே இருப்பவர்களிடமும் போய்க் கேட்டுவிட்டு எழுதக் கூடாதா? ஒரு காகிதப் பொட்டலத்தில் 'பாரம்பரிய விதை, முப்பது ரூபாய்' என்று அச்சடித்த இடத்தில் யாருடைய பாரம்பரியம் என்ற கேள்விக்கு இடம் விட்டிருக்கிறோமா?

ஆடியில் ஏழு விதையையும் ஊன்றினேன். ஐந்து முளைத்தது, மூன்று நின்றது. எதிர்வீட்டு அப்பத்தா திண்ணையிலிருந்தே மேற்பார்வை செய்தார். ஒவ்வொரு காயையும் நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசக்கவில்லை. தையில் இரண்டு காய் முற்றி ஓடு பிடித்தது. ஒன்றை மஞ்சப்பையில் போட்டுப் பஸ் ஏறிப் பட்டப்பகலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சத்தம் கேட்டது. "சரி, இருக்கு" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நல்ல தண்ணீர். காலனிக்குக் குழாய் வராததால் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து சுமந்துகொண்டு வந்தது.